அழாத பிள்ளையை முதலில் பாருங்கள்

எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் திங்கட்கிழமை காலை என்றால் திருவிழாக் கூட்டம்தான். ஞாயிறு முழுக்க வீட்டில் வைத்துச் சமாளித்த காய்ச்சலும் பேதியும் திங்களன்று ஓபி வாசலுக்கு வந்துவிடும். நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலாவது வருடம். பழைய வட ஆற்காட்டில் ஒரு தாலுகா மருத்துவமனை. மலையடிவாரத்து ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஓர் அம்மா, கையில் சீட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒன்பது மாதக் குழந்தை. பக்கத்தில் ஒரு பையன் காதுவலி தாங்காமல் கட்டடமே அதிர அழுதுகொண்டிருந்தான். எல்லோரும் அவனுக்கு வழிவிட்டார்கள். நானே அவனை முன்னால் அழைத்துப் போனேன். போகிற போக்கில் அந்த அம்மாவிடம், "பாப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா பேதி சிஸ்டர். இப்பதான் தூங்கினு கீது."

சரி, தூங்கட்டும் என்று போய்விட்டேன்.

அது தூக்கமே இல்லை. அவள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆனது. குழந்தையின் கையைத் தொட்டதுமே டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அன்று மாலைக்குள் குழந்தை போய்விட்டது. அந்த ஒன்றரை மணி நேரமும் அது ஆஸ்பத்திரிக்குள்தான் இருந்தது. சலைன் பாட்டில், ஊசி, மருந்து எல்லாம் இருபது அடி தூரத்தில் இருந்தன.

வளரும் நாடுகளில் குழந்தைகளுக்கான மருத்துவமனை சிகிச்சையை மேம்படுத்துவது என்றால் பலருக்குப் புதுக் கட்டடமும் விலை உயர்ந்த கருவிகளும்தான் நினைவுக்கு வரும். அவையும் வேண்டும்தான். ஆனால் நான் இங்கே விளக்க நினைப்பது அந்த இருபது அடியைக் குழந்தை எப்படிச் சீக்கிரம் கடப்பது என்பதை.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். வீட்டில் அது சரி. ஆஸ்பத்திரி வாசலில் அதே கணக்கைப் போட்டால் ஆபத்து. உரக்க அழுகிற பிள்ளைக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, நினைவு இருக்கிறது, அழுவதற்குத் தெம்பும் இருக்கிறது. துணி மாதிரி தோளில் கிடக்கிற பிள்ளைதான் முதலில் உள்ளே போக வேண்டியது. வந்த வரிசைப்படி பார்க்காமல் ஆபத்தின் அளவுப்படி பிரித்துப் பார்க்கும் இந்த முறைக்கு மருத்துவத்தில் 'ட்ரையேஜ்' என்று பெயர். தரம் பிரிப்பது என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோலை விரித்து ஒருமுறை கையை ஓட்டினால் போதும், இது எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். பழகிய கண்ணுக்குக் குழந்தை விஷயத்திலும் அவ்வளவு நேரம்தான் தேவை, அரை நிமிடம்.

உலக அளவில் 1990-ல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி. 2022-ல் அது 49 லட்சமாகக் குறைந்தது. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், தாயின் படிப்பு என்று இதற்குப் பல காரணங்கள். மிச்சமிருக்கும் இறப்புகளில் ஒரு பகுதி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பவை. அவற்றிலும் நிறைய, சேர்த்த முதல் 24 மணி நேரத்துக்குள்.

ஏழு நாடுகளில் 21 மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. பார்த்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்திலோ, ஏற்றிய நீரிலோ, உணவிலோ, ஆக்சிஜனிலோ குறையோ பிழையோ இருந்தது. காரணங்களைப் பட்டியலிட்டபோது மருந்துத் தட்டுப்பாடும் அதில் வந்தது. ஆனால் கூடவே வந்தவை, ஆபத்தான குழந்தையை முதலில் பிரித்தெடுக்க முறை இல்லாதது, சிகிச்சை தாமதமாகத் தொடங்கியது, சேர்த்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது. இவற்றைப் பணத்தால் மட்டும் வாங்க முடியாது. ஆனால் பணம் குறைவாக இருக்கும் இடத்திலும் சரிசெய்ய முடியும்.

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில் அப்படிச் செய்து காட்டினார்கள். அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் வந்து நிற்கும் இடத்தை மாற்றியமைத்து, வந்தவுடன் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையும் அவசர சிகிச்சையையும் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இறப்பு நூற்றுக்கு 6 முதல் 8 வரை என்ற அளவுக்கு இறங்கியது.

சரி, அந்த அரை நிமிடத்தில் என்ன பார்ப்பது?

முதலில் மூச்சு. தொண்டை அடைத்து இரைகிறதா, நெஞ்சு விலாவுக்குக் கீழே உள்ளே இழுக்கிறதா, நாக்கும் உதடும் நீலம் பூத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்தது ரத்த ஓட்டம். உள்ளங்கை சில்லென்று இருந்தால் குழந்தையின் கட்டைவிரல் நகத்தை வெளுக்கிற வரை அழுத்தி விடவேண்டும். மூன்று விநாடிக்குள் பழைய ரோஜா நிறம் வரவில்லை, நாடியும் வேகமாக, மெலிந்து ஓடுகிறது என்றால் ரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது. பிறகு நினைவு. கூப்பிட்டால், லேசாக அசைத்தால் கண் திறக்கிறதா? இப்போது வலிப்பு இருக்கிறதா? கடைசியாக, பேதி ஆகிற குழந்தை என்றால் நீர் வறட்சி. குழந்தை துவண்டு கிடப்பது, கண் குழிவிழுந்திருப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நிற்பது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் கடுமையான வறட்சி.

இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், சீட்டும் டோக்கனும் அப்புறம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போக வேண்டும். இது சிவப்பு. அடுத்தது மஞ்சள், உடனே ஆபத்து இல்லை என்றாலும் வரிசையில் முன்னால் வரவேண்டியவர்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தை, உள்ளங்கை வெள்ளைத்தாளாக வெளுத்த குழந்தை, மண்ணெண்ணெய் குடித்தது, தீக்காயம், எலும்பும் தோலுமாக மெலிந்தது, இரண்டு காலும் வீங்கியது, வேறு மருத்துவமனையிலிருந்து கடிதத்தோடு அனுப்பப்பட்டது எல்லாம் இதில் வரும். மற்றவர்கள் பச்சை, தங்கள் முறைக்குக் காத்திருக்கலாம். அன்று வந்த காதுவலிப் பையனுக்குக் கடுமையான வலி என்று மஞ்சள் கொடுத்திருக்கலாம். தோளில் கிடந்த குழந்தை கலப்படமில்லாத சிவப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. முதல் பார்வையை டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியே, கேட்டில் நிற்கும் காவலர், சீட்டு எழுதுகிறவர், துப்புரவுப் பணியாளர் என்று குழந்தையை முதலில் பார்க்கக்கூடிய எல்லோருக்கும் ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது. வாசலில் இருப்பவருக்குத்தான் எல்லோரையும் பார்க்கிற வாய்ப்பு. பெயர், வயது, ஊர் என்று அவர் கேட்கும் கேள்விகளோடு "பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்குதா?" என்ற ஒன்றும் சேர்ந்துவிட்டால் அதுவே பாதி வேலை.

உள்ளே கொண்டுபோன பிறகு என்ன என்பதும் தெரிய வேண்டும். முதல் மணி நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துபவை பெரும்பாலும் எளிய பொருள்கள்தான்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். நிமோனியாவில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நீலம் பூப்பதற்கு முன்பே ஆபத்து வந்துவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொரோனா காலத்தில் நாம் எல்லோருமே பார்த்துவிட்டோம். அதில் 90-க்குக் கீழே காட்டினால் மூக்கு வழியாக ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டரே போதும். பாப்புவா நியூ கினியில் ஐந்து மருத்துவமனைகளுக்கு இந்த மீட்டரையும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியையும் கொடுத்து, பயன்படுத்தவும் பழுது பார்க்கவும் பழக்கினார்கள். நிமோனியாவில் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 என்று இருந்தது 3.2 ஆயிற்று. 2008-ல் இந்த முடிவு வெளியானது. சிலிண்டர் ஏற்றிய லாரி ஏற முடியாத மலைப்பகுதிகள் அங்கே நிறைய, அதனால் இதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது சர்க்கரை. இரண்டு நாள் சாப்பிடாத குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். மூளை பட்டினி கிடக்கும். நினைவு தப்பிய, வலிப்பு வந்த எந்தக் குழந்தைக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், 45-க்குக் கீழே என்றால் உடனே குளுக்கோஸ். நரம்பு கிடைக்காத இடத்தில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் நனைத்து நாக்கின் அடியில் வைக்கும் முறைகூட வழிகாட்டிகளில் உண்டு. சமையலறையில் இருக்கிற பொருள் இது. நேரத்துக்குக் கிடைக்காமல் மூளை சேதமான குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியைச் செருகுவதும் எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வலிப்பும் நினைவு தவறுவதும் இந்த மண்ணுக்குப் பழைய கதை. மூளைக்காய்ச்சலில் ஒரு வகையான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955-ல் வட ஆற்காட்டில், வேலூரில்தான். 'தோஷம் பட்டிருக்கு', 'மாந்தம்' என்று மந்திரித்துக்கொண்டு ஒரு பகல் போய்விட்டால், அந்தப் பகல் திரும்ப வராது.

இனி நீர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் மட்டுமல்ல, நாங்களே அதிகம் தடுமாறும் இடம் இது.

"குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர், தெம்பு வரும்." இந்த வார்த்தையை நான் கேட்காத நாள் இல்லை. பாட்டில் தொங்கினால்தான் சிகிச்சை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பேதியால் வறண்டு துவண்ட குழந்தைக்கு நரம்பு வழியாக நீர் ஏற்றுவது உயிர் காக்கும், சந்தேகமே இல்லை. குடிக்கத் தெரிகிற நிலையில் இருக்கும் குழந்தைக்கோ வாய்வழி போதும். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பாங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. பாட்டில் சலைன் தீர்ந்துபோக, திலீப் மகாலனோபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, உறவினர்களே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று நாம் ஓஆர்எஸ் என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்கிவிட்டு மீதியை மடித்து வைக்கிற பழக்கம் கெடுதல். உப்பு அதிகமானால் குழந்தைக்கு இன்னொரு ஆபத்து. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தாமல்.

பேதி இல்லாத காய்ச்சல் குழந்தைக்கு ரத்த ஓட்டம் தளர்ந்திருந்தால்? வேகமாக நீர் ஏற்றுவதுதான் சரி என்று உலகமே நம்பியிருந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. தொடக்கத்திலேயே நீரை வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 10.5 பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாமல் நிதானமாகக் கொடுத்த குழந்தைகளில் 7.3 பேர். செயற்கை சுவாசக் கருவி இல்லாத மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இது, பேதியால் வறண்ட குழந்தைகளை இதில் சேர்க்கவில்லை. ஆகவே பேதிக்கு நீர் கொடுப்பதை இதை வைத்து யாரும் குறைக்கக்கூடாது. ஆனால் பணக்கார நாட்டில் சரியாக வரும் ஒரு முறை, கருவியும் ஆளும் குறைந்த இடத்தில் உயிரையே வாங்கலாம் என்று இது காட்டியது. நம் போன்ற இடங்களுக்கான சிகிச்சையை நம் போன்ற இடங்களிலேயே சோதித்துத்தான் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

மிகவும் மெலிந்த குழந்தை தனி ரகம். மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கடுமையான சத்துக்குறைவு. 'நோஞ்சான் பிள்ளைதானே, நாலு வேளை நன்றாகப் போட்டால் தேறிவிடும்' என்று நினைத்து முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் அந்த உடம்பு தாங்காது. சர்க்கரையும் உடல் சூடும் இறங்காமல் காத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். இரும்புச்சத்து மருந்துகூட முதல் வாரத்தில் வேண்டாம். அம்மா குழந்தையை நெஞ்சோடு தோல்படச் சேர்த்துக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொள்வது இங்கே மருந்துக்குச் சமம்.

படுக்கை கிடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். உண்மையில் இரவு இரண்டு மணிதான் குழந்தைகள் வார்டில் மோசமான நேரம். ஒரு செவிலியர், முப்பது நாற்பது குழந்தைகள். ஆக்சிஜன் குழாய் மூக்கிலிருந்து நழுவியிருக்கும், ட்ரிப்ஸ் வேகமாக ஓடியிருக்கும், கை வீங்கியிருக்கும். மோசமான குழந்தைகளைச் செவிலியர் மேசைக்குப் பக்கத்திலேயே படுக்க வைப்பது, மூச்சையும் நாடியையும் நேரம் போட்டு ஒரே தாளில் எழுதுவது ஆகிய இரண்டுக்கும் காசு தேவையில்லை. இதைப் பழக்கமாக்குவதுதான் சிரமம். கென்யாவில் எட்டு மாவட்ட மருத்துவமனைகளில் ஒன்றரை ஆண்டு பார்த்ததில், வெறும் வகுப்பு எடுத்துவிட்டுப் போன இடங்களைவிட, பயிற்சிக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்து பார்த்து, செய்ததைச் சேர்ந்து பேசிய இடங்களில்தான் சிகிச்சை நன்றாக முன்னேறியது. சுவரில் ஒட்டிய சார்ட் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளாது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று நாடெங்கும் இருந்து ஆட்கள் வரும் சிஎம்சி. அடுக்கம்பாறையில் 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாட்டின் சொந்த ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. அந்தச் சொட்டு மருந்து வந்த பிறகு மோசமான பேதியில் இருந்து குழந்தைகளைக் காக்க இன்னொரு வழியும் கிடைத்தது. ஆனால் பேரணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ இருக்கும் அம்மா முதலில் போய் நிற்பது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், தாலுகா மருத்துவமனையில். அங்கே இழந்த ஒரு மணி நேரத்தை வேலூரின் எந்த ஐசியுவாலும் திருப்பித் தர முடியாது. அனுப்பும்போதும் வெறும் கையோடு அனுப்பக்கூடாது. சர்க்கரை பார்த்து, ஆக்சிஜன் மாட்டி, வலிப்பை நிறுத்தி, கதகதப்பாகச் சுற்றி, கொடுத்த மருந்தை நேரத்தோடு எழுதி, போகிற இடத்துக்கு ஒரு போனும் போட்டுவிட்டுத்தான் 108-ஐக் கிளப்ப வேண்டும்.

மலைமேல் இருப்பவர்களுக்கு அந்த முதல் வாசலே எட்டாத தூரம். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்து சேராமலே இறந்தது. அதன் உடலைக் கையில் சுமந்துகொண்டு தாய் மலையேறிய செய்தியைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் இல்லை. குழந்தைகளுக்கான மருத்துவமனை சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது சாலையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இப்போது அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருப்பதைப் பார்க்கலாம். ஓபி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அந்தக் கண் கிடைக்க வேண்டும். அதில் அம்மா அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வாசலில் "காய்ச்சல் சார்" என்று மட்டும் சொன்னால் டோக்கன்தான் கிடைக்கும், காய்ச்சல் எல்லோருக்கும் இருக்கிறது. "எழுப்பினா எழ மாட்டேங்குது", "பால் குடிக்கவே முடியல", "குடிச்சதெல்லாம் வாந்தி", "நெஞ்சு உள்ள இழுக்குது", "காலையில வலிப்பு வந்துச்சு", "ராத்திரியில இருந்து ஒண்ணுக்கே போகல" என்று இருப்பதைச் சொல்லுங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்திருந்தால் அந்த எண்ணையும் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. தயங்காமல் குரலை உயர்த்திக் கேளுங்கள், எங்களில் யாராவது முகம் சுளித்தாலும் கேளுங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் இருக்கிறவர் தோளில் ஒரு குழந்தை சத்தமில்லாமல் கிடந்தால், "அம்மா, பாப்பாவ ஒரு தடவ எழுப்பிப் பாருங்க" என்று நீங்களும் சொல்லலாம்.